வலிக்காத கை

தொழுநோயால் மடங்கிப்போன கை எதை இழந்திருக்கிறது என்பது சோற்றுத் தட்டின் முன்னால் தெரிந்துவிடும். ரசம் சாதத்தைப் பிசைந்து அள்ளும் கை, விரல்களை அடிமூட்டில் மடக்கி, நுனிப் பக்கத்தை ஓரளவு நேராக வைத்து, கட்டைவிரலை எதிரே கொண்டுவந்து குவிக்கிறது. குவிந்த கவளத்தைக் கட்டைவிரல் தள்ள, அது வாய்க்குள் போகிறது. மடங்கிய கையில் எல்லாம் தலைகீழ். அடிமூட்டுகள் புறங்கைப் பக்கமாக நிமிர்ந்து நிற்கும். நடுமூட்டும் நுனிமூட்டும் உள்ளே சுருண்டிருக்கும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வராமல் பக்கவாட்டிலேயே ஒட்டிக் கிடக்கும். நகங்கள் சோற்றைக் கிளறும், அள்ளாது. தம்ளரைச் சுற்றிப் பிடிக்க விரல்கள் விரியாது. கும்பிடலாம் என்று இரண்டு கைகளையும் சேர்த்தால் உள்ளங்கைகள் ஒட்டாது, மடங்கிய விரல்களின் முட்டிகள்தாம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

இந்தக் கையை நிமிர்த்தும் வழியைத் தசைநாண் மாற்று அறுவை கண்டுபிடித்தது. அந்த அறுவை எதைத் திருப்பித் தருகிறது, எதைத் தருவதில்லை என்று பார்த்துக்கொண்டே போனால், சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒரு கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது: வலி தீமையா? அதைத் தொடர்ந்து இன்னொன்றும் வருகிறது: வலிக்காத உடம்பு யாருடையது?

நோயின் போக்கிலிருந்து தொடங்க வேண்டும். 1873-இல் நார்வேயில் ஹான்சன் கண்டறிந்த நுண்ணுயிரி, உடம்பில் சூடு குறைந்த இடங்களை நாடும் இயல்புடையது. தோல், மூக்கு, கண்ணின் முன்பகுதி, தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் ஆகியவை அதன் இருப்பிடங்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பை ஒட்டி ஓடும் அல்நர் நரம்பு, இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்குமே அந்த நரம்பு, பெரும்பாலும் முதலில் அடிபடுகிறது. அடுத்தது மணிக்கட்டுக்குச் சற்று மேலே மீடியன் நரம்பு. முன்கையின் பின்புறத்தை இயக்கும் ரேடியல் நரம்பு அநேகமாகத் தப்பிவிடும். உள்ளங்கைக்குள்ளேயே தொடங்கி உள்ளங்கைக்குள்ளேயே முடியும் சிறு தசைகளுக்கு இந்த முதல் இரண்டு நரம்புகள்தாம் ஆதாரம். அவை போனதும் சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையிலிருந்து நீண்டு வரும் பெரிய தசைகளோ உயிரோடு இருக்கின்றன. தடுக்க ஆளில்லாமல் அவை விரல்களைத் தம்போக்கில் இழுக்கின்றன. நிமிர்த்தும் தசை அடிமூட்டைப் பின்னுக்கு வளைக்கிறது, மடக்கும் தசை நுனியைச் சுருட்டுகிறது. கை கொக்கியாகிறது.

வலு முன்கையில் அப்படியே இருக்கிறது என்பது பார்வைக்குத் தெரிவதில்லை. அது தெரியவந்த நிகழ்ச்சி செங்கல்பட்டை அடுத்த திருமணியில் நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பால் பிராண்ட். மறு ஆண்டு அவர் திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்குப் போனார். அதன் தலைவர் ராபர்ட் காக்ரன் அவருக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டினார். மடங்கிய விரல்களோடு இருந்த ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். சூம்பிய கைதானே என்று எதிர்பார்த்தவருக்கு, நகம் சதையில் பதியும் அளவு பிடி விழுந்தது. வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். வலித்தது மருத்துவருக்கு, பிடித்தவருக்கு, தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. இத்தனை வலு இந்தக் கைக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்துதான் பின்னால் வந்த அறுவைகளெல்லாம் பிறந்தன.

அந்தக் காலத்தில் தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, கத்தி பட்டால் ஆறாது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே இருந்தது. பொது மருத்துவமனைகளில் அவர்களுக்குப் படுக்கை கிடைப்பதே அரிது. வேலூரில் 1940களின் கடைசியில் தொடங்கிய அறுவைகளில் அந்தக் காயங்கள் மற்றவர்களுடையதைப் போலவே ஆறின. பல நூற்றாண்டு அச்சம் ஒன்றின் அடித்தளம் அப்போது ஆட்டம் கண்டது. 1955-இல் வேலூர் அருகே கரிகிரியில் திறந்த ஷீஃப்லின் ஆய்வு இல்லம் இந்த வேலையைத் தொடர்ந்தது. எர்னஸ்ட் ஃபிரிட்சி அங்கே உழைத்து, தொழுநோய்க்கான சீரமைப்பு அறுவைக்கே ஒரு பாடநூல் எழுதினார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே நோயாளிகளின் கைகளைத் திருத்தினார்.

அறுவையின் தத்துவம் எளிமையானது. செத்த தசையை எழுப்ப முடியாது. உயிரோடிருக்கும் தசை ஒன்றின் நாணை அவிழ்த்து, வேலை நின்றுபோன இடத்தில் கட்டலாம். கேட்பதற்கு எளிது, எந்த நாணை எடுப்பது என்பதில்தான் நுட்பம். ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் நாண்கள் இரண்டு உண்டு, மேலாக ஒன்று, ஆழத்தில் ஒன்று. மேல்நாணை எடுத்தாலும் ஆழ்நாண் விரலை மடக்கும். ஆகவே அமெரிக்கரான ஸ்டெர்லிங் பன்னலின் முறையில் மேல்நாணைப் பிளந்து, விரலின் பக்கவாட்டில் கொண்டுபோய், நிமிர்த்தும் பட்டையோடு தைப்பார்கள். தொழுநோயில் இதற்கு ஒரு தடை. அல்நர் நரம்பு முழங்கையருகே அடிபட்டிருந்தால் மோதிரவிரல், சுண்டுவிரல் இரண்டிலும் ஆழ்நாணும் நலிந்திருக்கும். அங்கே மேல்நாணையும் எடுத்துவிட்டால் பிடியே போய்விடும். மேல்நாண் எடுத்த விரல்களில் சில, ஆண்டுகள் போகப் போக நடுமூட்டில் எதிர்ப்பக்கமாக வளைந்துவிடுவதும் உண்டு.

பிராண்ட் வேறு தசையைத் தேடினார். மணிக்கட்டை நிமிர்த்த ஒன்றுக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன, ஒன்றைக் கடன் வாங்கினாலும் மணிக்கட்டு தாழாது. ஆனால் அதன் நாண் விரல் வரை எட்டாது. நீளம் சேர்க்க, கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் மெல்லிய நாண் ஒன்றை எடுத்தார். பிளான்டாரிஸ் எனப்படும் அது நூலைப்போல் நீண்டது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, இருப்பவருக்கும் எடுத்தால் இழப்புத் தெரியாது. அதை நான்கு வால்களாக்கி, உள்ளங்கைக்குள் சிறுதசைகள் ஓடிய பழைய வழியிலேயே நுழைத்து, நான்கு விரல்களுக்கும் பிரித்துத் தைத்தார். கட்டைவிரலை எதிரே கொண்டுவர மோதிரவிரலின் மேல்நாணை மணிக்கட்டோரம் கப்பி போலச் சுற்றித் திருப்பும் அறுவை தனி. மருத்துவத்துக்கு வருமுன் அவர் சில ஆண்டுகள் தச்சும் கொத்து வேலையும் பழகியவர். எந்தக் கயிறு எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும், எந்தக் கோணத்தில் இழுக்க வேண்டும் என்ற கணக்கில் அந்தப் பயிற்சி நன்றாகத் தெரிகிறது.

கத்தி வைக்கும் முன் பல மாத வேலை உண்டு. நோய்க்குக் கூட்டு மருந்து கொடுத்து, நரம்பு வீக்கம் ஆறு மாதமாவது தலைகாட்டாமல் இருக்க வேண்டும். விறைத்த மூட்டுகளை மெழுகுக் குளியலாலும் எண்ணெய் நீவலாலும் விரலளவு மாவுக்கட்டுகளாலும் இளக்க வேண்டும், விறைத்த மூட்டை எந்த நாணும் அசைக்காது. அறுவைக்குப் பிறகு அடிமூட்டு மடங்கி, விரல் நேராக இருக்கும் நிலையில் சுமார் 3 வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரிக்கும் நாள் விசித்திரமானது. பிசியோதெரபி செய்பவர், மணிக்கட்டைப் பின்னுக்கு நிமிர்த்துங்கள் என்கிறார். வாழ்நாளெல்லாம் செய்த அசைவு. நோயாளி நிமிர்த்த முனைகிறார்; மடங்குவது விரல்களின் அடிமூட்டு. அனுப்பிய ஆணை ஒன்று, நிறைவேறியது வேறொன்று. முகவரி மாறிய வீட்டுக்கு மூளை இன்னும் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறது. நாளடைவில் அது திருந்திவிடும். சில வாரங்களில், விரலை மடக்கு என்று நினைத்தால் விரல் மடங்கும், மணிக்கட்டின் நினைவே குறுக்கே வராது. தசை பழைய தசைதான், நரம்பும் பழைய நரம்புதான். மனம் அதற்கு வைத்த பெயர் மாறிவிட்டது. செயலுக்கும் எண்ணத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நெகிழ்வானது என்பதைத் தத்துவ நூல்களைவிட இந்தப் பயிற்சி அறை தெளிவாகக் காட்டும்.

ஆனால் பயிற்சி முழுவதிலும் நோயாளியின் கண் கையைவிட்டு அகலுவதில்லை. அகன்றால், விரல் மடங்கியதா இல்லையா என்பதே அவருக்குத் தெரிவது கடினம். அசைவை ஆண்ட நரம்புகள்தாம் தொடுவுணர்வையும் சுமந்தன. அசைவுக்கு மாற்று நாண் கிடைத்தது, உணர்வுக்கு மாற்று கிடைக்கவில்லை. நேராகி, மடங்கி, பிடித்து, எழுதி, கும்பிட்டு, எல்லாம் செய்யக்கூடிய கை ஒன்றை அறுவை தருகிறது. அந்தக் கை எதையும் உணர்வதில்லை.

உணராத கை எப்படி அழிகிறது என்பதையும் வேலூர்தான் கண்டது. விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. பிராண்டும் உடன் உழைத்தவர்களும் ஒவ்வொரு காயத்தின் பின்னாலும் போய்க் காரணத்தைத் தேடினார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் நின்றபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது; அவனுக்குத் தெரியவில்லை. வலிக்கும் கை பாதியில் நின்றிருக்கும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பீடி சுட்ட வடுக்கள், கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிய கொப்புளங்கள், மண்வெட்டிக் காம்பு உரித்த தோல் எனப் பெரும்பாலான காயங்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருந்தது. இரவில் படுத்து எழுந்தால் விரல் நுனி குறைந்திருந்த சிலரின் கணக்கு மட்டும் நேராகவில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலி கடிப்பது தெரிந்தது. தூங்குகிறவர் அசையக்கூட இல்லை. அதன்பின் வீடு திரும்பியவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள்.

இங்கேதான் கேள்வி மருத்துவத்தைத் தாண்டுகிறது. 1641-இல் வெளிவந்த ‘தியானங்கள்’ என்ற நூலின் ஆறாவது பகுதியில் தத்துவஞானி டேகார்ட் ஓர் உவமையை மறுக்கிறார். மாலுமி கப்பலில் இருப்பதுபோல் மனம் உடம்பில் இருக்கவில்லை என்பது அவர் வாதம். அப்படி இருந்திருந்தால், உடம்பு காயப்படும்போது மனம் வலியை உணராது. கப்பலில் ஏதாவது உடைந்தால் மாலுமி கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல், அறிவால் மட்டும் தெரிந்துகொள்ளும். வலிக்கிறது என்பதே மனமும் உடம்பும் ஒன்றாய்ப் பிணைந்திருப்பதற்குச் சாட்சி என்றார் அவர். மனத்தையும் உடலையும் இரண்டாகப் பிரித்தவர் என்று பெயர் வாங்கியவரே வலியின் முன்னால் அந்தப் பிரிவினையைத் தளர்த்துகிறார்.

டேகார்ட் இல்லையென்று சொன்ன அந்த மாலுமி கரிகிரியிலும் திருமணியிலும் இருந்தார். தன் கையில் கொப்புளம் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்கிறார். கை தன்னுடையதாகத் தோன்றவில்லை, ஒட்டவைத்த கருவி மாதிரி இருக்கிறது என்ற பொருளில் நோயாளிகள் சொன்னதை பிராண்ட் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். காயத்தை அவர்கள் பொருட்படுத்தாதது சோம்பலால் என்று முதலில் நினைத்த செவிலியரும் உண்டு. உணராததைக் காப்பாற்ற வேண்டும் என்ற தூண்டுதல் எங்கிருந்து வரும்? என் கை என்பதில் உள்ள ‘என்’ பெயரளவில் நின்று, கை தனியே போய்விடுகிறது. உரிமை என்பது ஆணையிட முடிவதில் இருக்கிறது என்று நினைப்போமானால், அறுவைக்குப் பிறகு அந்தக் கை முழுக்க அவருடையது, சொன்னபடி அசைகிறது. அப்படியும் அது அந்நியமாகவே இருக்கிறது. ஆகவே உடம்பை ஒருவருக்கு உரியதாக்குவதில் ஆளும் திறனைவிடப் படும் திறனுக்குப் பங்கு அதிகம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வலியை அறிவால் ஈடுகட்ட முடியுமா என்பதும் சோதிக்கப்பட்டுவிட்டது. 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி ஒன்றை உருவாக்க முயன்றார். விரல்களில் அழுத்தம் அறியும் உணரிகள். அழுத்தம் மிஞ்சினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், வேலையை நிறுத்தவில்லை. விளக்கு எரிந்தது, அதற்கும் அதே கதி. கடைசியில், உணர்வு மிச்சமிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சி வலித்தது, ஆனால் இறுக்கமான திருகாணி ஒன்றைத் திருக வேண்டி வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, திருகி முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஆபத்தைப் பற்றிய தகவல் வேறு, வலி வேறு என்பது அங்கே நிரூபணமானது. தகவலை ஏற்பதும் தள்ளுவதும் நம் விருப்பம். வலி அந்த விருப்பத்தைக் கேட்பதில்லை, அதனால்தான் அது காக்கிறது.

சமயங்களின் விடைகளை இந்த இடத்திலிருந்து பார்க்கலாம். வினைப்பயன் என்ற விடை நம் நாட்டில் இந்த நோயோடு நெருக்கமாக ஒட்டியிருக்கிறது. கிருஷ்ணனின் மகன் சாம்பன் சாபத்தால் குஷ்டம் பெற்று, சூரியனை வழிபட்டு நீங்கப் பெற்ற கதை கோனார்க்கோடு பிணைந்தது. எபிரேய வேதத்தின் லேவியராகமம் 13-ஆம் அதிகாரம், தோல் குறி கண்டவரைப் பாளையத்துக்கு வெளியே வைக்கச் சொல்கிறது. அங்கே வரும் எபிரேயச் சொல் பலவகைத் தோல் மாற்றங்களுக்கும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் கறைகளுக்கும் பொதுவானது. தமிழ் வேதாகமம் அதைக் குஷ்டம் என்று பெயர்த்ததால், மரத்துப்போதல் என்ற பேச்சே இல்லாத அந்த அதிகாரம் இந்த நோயாளிகளின் தலையில் இறங்கியது. சுஸ்ருத சம்ஹிதை தொடுவுணர்வு போவதைக் குஷ்டத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. உற்றுப் பார்த்தவர்களின் வார்த்தை அது. தண்டனை என்ற விடை இந்த நோயின் முன் ஓர் எளிய காரணத்தால் பொருந்தாமல் போகிறது. தண்டனை வலிக்க வேண்டும். இங்கே நேர்வது வலி பறிபோவது.

தமிழில் இதற்கு நேர் எதிரான ஒரு வாழ்வும் இருக்கிறது. சமண சமயத்தில் தருமசேனராக இருந்த மருள்நீக்கியாரைக் குடலைக் குடையும் சூலை பிடித்தது. எந்த மந்திரத்துக்கும் அடங்காத அந்த வலியோடு அவர் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அங்கே பாடினார், வலி நீங்கிற்று, நாவுக்கரசரானார். சூலை கொடுத்து ஆட்கொண்டான் என்றுதான் சைவ மரபு சொல்கிறது. சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் வலி பழிவாங்க வரவில்லை, திருப்பி அழைக்க வருகிறது. வலிக்கிற இடத்தைத் தவிர வேறெதையும் நினைக்கவிடாத அந்தப் பிடி, இன்னொரு வாழ்விலிருந்து அவரைப் பெயர்த்தெடுத்தது. சமய நம்பிக்கை இல்லாதவரும் இந்தக் கதையில் உடலியல் உண்மை ஒன்றைக் காணலாம். வலி கவனத்தைக் கட்டாயப்படுத்துகிறது. சாவியைத் திருகிய சிறுவனுக்குக் கிடைக்காமல் போனது அந்தக் கட்டாயம்தான்.

பிராண்ட் கிறிஸ்தவராக இதே முடிவுக்கு வந்து, வலியை யாரும் விரும்பாத கொடை என்று அழைத்து 1993-இல் ஒரு நூல் எழுதினார். அந்தக் கருத்துக்குப் பலம் சேர்க்கும் இன்னொரு சான்று பின்னால் கிடைத்தது. பாகிஸ்தானின் வடபகுதியில் தெருவில் வித்தை காட்டிய சிறுவன் ஒருவன், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், கனலில் நடப்பான், வலிக்காது. 14 வயது நிறையும் முன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், வலியைக் கடத்த உதவும் ஒரு மரபணு பழுதானதே காரணம் என்று 2006-இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் கொடை என்ற சொல்லை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். தொழுநோயிலேயே வலி உண்டு. நோயெதிர்ப்பு சீறியெழும் நாட்களில் முழங்கையருகே நரம்பு கயிறாக வீங்கும். லேசாகத் தொட்டாலே உயிர் போகும். அந்த வலி முதல் சில நாள் எச்சரிக்கைதான். உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம். மருந்துக்கு வழியில்லாத ஊரில் மாதக்கணக்கில் அது நீடிக்கும்போது எதை எச்சரிக்கிறது? எதைக் காக்கிறது? நரம்பு செத்த பிறகும் சிலருக்கு அந்த இடத்தில் எரிச்சல் ஓய்வதில்லை. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலியும் இதே வகை. வலி என்ற அமைப்பு நல்லது என்பதிலிருந்து ஒவ்வொரு வலியும் நல்லது என்று வராது. கடவுளின் நீதியை நிலைநாட்ட இந்தக் கைகளைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். வலியின்மை கேடு என்பதைத்தான் மரத்த கை காட்டுகிறது. உலகிலுள்ள துன்பமெல்லாம் பொருளுடையது என்று அது சொல்லவில்லை. வலியால் துடிப்பவரிடம் வலி வரமென்று எடுத்துரைப்பது இரக்கமற்ற செயல். அதைச் சொல்லும் உரிமை, வலியை இழந்தவருக்கும் அவர் கையைத் தொட்டுத் திருத்தியவருக்கும் மட்டுமே ஓரளவு உண்டு.

பௌத்தம் செய்த ஒரு பிரிவினை இங்கே உதவும். சம்யுத்த நிகாயத்தின் சல்லத்த சுத்தத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிப் பேசுகிறார். உடம்பில் தைக்கும் நோவு முதல் அம்பு. அதை எண்ணி மனம் படும் வேதனை இரண்டாம் அம்பு. பக்குவப்பட்டவனுக்கு முதலாவது மட்டுமே தைக்கும் என்பது போதனை. மரத்த கை உடையவரின் நிலை இந்த உவமையில் அடங்காமல் நிற்கிறது. அவருக்கு முதல் அம்பு தைப்பதே இல்லை. இரண்டாவதை மட்டும் ஊரே எடுத்து எய்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாக 1955 முதல் 2019 வரை இடம்பெற்றிருந்தது. தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நோயைத் தீர்க்கும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981-இலேயே பரிந்துரைத்துவிட்டது. கிருமி சில மாதங்களில் சாகிறது, சட்டப் புத்தகத்திலிருந்து போக அதற்கு இன்னும் 35 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அறுவை முடிந்து வீடு திரும்பியவர்கள் சிலர் இந்த இரண்டாம் அம்போடு வேலூருக்குத் திரும்பி வந்தார்கள். நேரான கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை, பழைய நோயாளி என்று தெரிந்தால் யாரும் வேலை கொடுப்பதுமில்லை என்பது அவர்கள் கொண்டுவந்த சேதி. மடங்கிய கை கொண்டிருந்த ஒரே வருமானத்தையும் அறுவை பறித்திருந்தது. கையைத் திருத்தியவர்களுக்கு இது பெரிய அடி. கை என்பது தசையும் நாணும் மட்டும் என்றால் அவர்கள் வேலை முடிந்துவிட்டது. வேலூர் வளாகத்தில் கிராமம் போலக் குடிசைகள் கட்டி, புதுவாழ்வு மையம் என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். அங்கே தச்சு சொல்லிக்கொடுத்தார்கள். உளியிலும் ரம்பத்திலும் கைப்பிடி தடிமனாக, அழுத்தம் ஓரிடத்தில் குவியாதபடி செய்யப்பட்டது. மரப் பொம்மைகள் அங்கிருந்து விற்பனைக்குப் போயின. உணராத கையால் கருவியின் அழுத்தத்தை அறிய முடியாது. ஆகவே கருவி தன் பங்குக்குக் கையின் மேல் இரக்கம் காட்டும்படி செதுக்கப்பட்டது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பவுல், ஓருறுப்பின் நோவை எல்லா உறுப்புகளும் சேர்ந்து சுமக்கும் உடலாகச் சபையைக் காண்கிறார். பிராண்ட் அதை உவமையாக மட்டும் படிக்கவில்லை. நோவைக் கடத்தும் நரம்பு அறுந்த உறுப்பு உயிரோடிருந்தும் உடலுக்கு வெளியே போய்விடுகிறது என்பதைத் தினமும் பார்த்தவர் அவர். பிச்சைக்காக நீளும் மடங்கிய கையைப் பார்த்தும் வலிக்காத ஊர், அதே நோயை வேறு வடிவில் கொண்டிருக்கிறது என்று அவர் கருதினார். அந்தக் கருத்தை ஏற்கக் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை.

அறுவைக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் மாலைக் கடமை ஒன்று கற்றுத்தரப்படுகிறது. கைகளைத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைப்பது, தடித்த தோலைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுவது. வியர்வை நரம்பும் செத்திருப்பதால் தோல் தானாக ஈரம் கொள்ளாது, விட்டால் வெடிக்கும். பிறகு வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் எங்கே, சூடான இடம் எங்கே, காலையில் இல்லாத கீறல் எது, அது எந்த வேலையில் வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். சூட்டை அறிய மரத்த விரலைப் பயன்படுத்தக் கூடாது, உணர்வுள்ள இடத்தை, கன்னத்தையோ உதட்டையோ வைத்துப் பார்க்க வேண்டும். மாலுமி தன் கப்பலைச் சுற்றிவந்து பலகைகளைத் தட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இந்த நோய் கண்ணையும் விடுவதில்லை. இமையை மூடும் தசை செயலிழந்தால் கருவிழி காய்ந்து, புண்பட்டு, பார்வை மங்குகிறது. பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவராக ஆண்டுக்கணக்கில் போராடியது இதோடுதான். கை மரத்து, கண்ணும் போனவருக்குத் தன் கையை அறியும் இரண்டு வழிகளும் அடைபட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட வீடுகளில் மனைவியோ பேரனோ மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் எடுத்து வைத்து, விரல் விரலாக விரித்துப் பார்க்கிறார்கள். சுண்டுவிரலின் அடியில் விறகுச் சிராய் ஒன்று ஏறியிருந்தால், அதை ஊசியால் நெம்பி எடுக்கையில் முகம் சுளிப்பது எடுக்கிறவர்தான்.